கோபுரத்தின் அடியில் ஊமையாகும் ரேடியோ!

ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் ரேடியோ மிக நன்றாகக் கேட்கும் என்றுதானே நினைப்பீர்கள்?

நியாயமான எண்ணம்தான். ஆனால் டிஜிட்டல் ரேடியோவில் சில சமயம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது.

ஊருக்குள் ஒரு புதிய சிறு கோபுரம் எழும்புகிறது. அதில் இருந்து புதிய நிலையங்களின் நிகழ்ச்சிகள் வருகின்றன. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கோபுரத்தை ஒட்டிய சில வீடுகளில் மட்டும், நேற்று வரை கேட்ட பழைய நிலையம் திடீரென்று ஊமையாகி விடுகிறது! நாலு தெரு தள்ளி எடுத்துப் போனால் அதே ரேடியோ பெட்டி மறுபடியும் பேசுகிறது.

பெட்டியில் கோளாறு இல்லை. பழைய நிலையத்திலும் கோளாறு இல்லை. புதிய நிலையம் சட்டப்படிதான் நடக்கிறது. அப்படியானால் குற்றவாளி யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு இங்கிலாந்து என்ஜினீயர்கள் பல ஆண்டுகள் செலவிட்டார்கள். சின்னஞ்சிறு ரேடியோ நிலையங்களின் தலைவிதியே அந்த விடையில் தொங்கிக்கொண்டு இருந்தது.

கதம்பம் போன்ற ஒலிபரப்பு

பழைய எப்.எம். முறையில் ஒரு நிலையத்துக்கு ஒரு அலைவரிசை. அவரவருக்கு ஒரு தனி டிரான்ஸ்மிட்டர்.

ஐரோப்பாவில் பரவியுள்ள டிஜிட்டல் ரேடியோ முறை அப்படி அல்ல. இதன் பெயர் டி.ஏ.பி. இதில் பல நிலையங்களின் நிகழ்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். பல பூக்களைச் சேர்த்துத் தொடுத்த கதம்பம் போல! இந்தத் தொகுப்புக்கு "மல்ட்டிபிளெக்ஸ்" என்று பெயர். வீட்டில் உள்ள ரேடியோ பெட்டி, தொகுப்பு முழுவதையும் வாங்கி, நீங்கள் கேட்கும் பூவை மட்டும் பிரித்துக் கொடுக்கிறது.

இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1995-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி இந்த முறையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பிறகு தனியார் நிலையங்களும் வந்தன.

பெரிய நிலையங்களுக்கு இது நல்ல ஏற்பாடு. சின்ன நிலையங்களுக்கோ திண்டாட்டம்.

இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான சிறு நிலையங்கள் உண்டு. தொண்டர்கள் சம்பளம் இல்லாமல் நடத்தும் நிலையங்கள், மாணவர்களின் நிலையங்கள், சிறுபான்மை மொழிக்காரர்களின் நிலையங்கள் என்று பல வகை. ஒரு பேட்டைக்குக் கேட்டால் போதும் என்பதே இவர்களின் ஆசை. ஆனால் அப்போது இருந்த தொகுப்புகள் ஒரு ஜில்லா முழுவதற்கும், அல்லது நாடு முழுவதற்கும் ஒலிபரப்பின. அதில் இடம் பிடிக்க வேண்டுமானால், தேவை இல்லாத ஊர்களுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். ஒரு பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச ஏரியையே குத்தகைக்கு எடுப்பது போல!

மக்கள் ஒவ்வொருவராக டிஜிட்டல் பெட்டிக்கு மாறிக்கொண்டு இருந்தார்கள். சின்ன நிலையங்கள் பழைய எப்.எம்.மிலேயே நின்றன. இப்படியே போனால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

பிரைட்டன் பரிசோதனை

இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது. கடற்கரை ஊர். அங்கேதான் 2012-ம் ஆண்டில் ஒரு புதுமை நடந்தது.

ரேடியோ, டெலிவிஷன், டெலிபோன் ஆகியவற்றைக் கண்காணிக்கும் இங்கிலாந்து அமைப்புக்கு "ஆப்காம்" என்று பெயர். அதில் பணியாற்றிய என்ஜினீயர் ரஷீத் முஸ்தபா ஒரு யோசனை சொன்னார். டிஜிட்டல் தொகுப்பை உருவாக்குவதற்கு விலை உயர்ந்த விசேஷ எந்திரங்கள் எதற்கு? சாதாரண கம்ப்யூட்டரே அந்த வேலையைச் செய்யாதா?

செய்தது! கனடா நாட்டு அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று இந்த வேலைக்கான கம்ப்யூட்டர் நிரல்களை எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டு இருந்தது. பிற்பாடு சுவிட்சர்லாந்தில் உள்ள ஒரு சங்கத்தார் அதை வாங்கி வளர்த்தார்கள். ஒரு கம்ப்யூட்டர், அந்த நிரல், ஒரு சிறு ரேடியோ கருவி, ஒரு பெருக்கி, ஒரு ஏரியல். அவ்வளவுதான்! ஒரு சிறு தொகுப்பு தயார்.

2015-ம் ஆண்டில் பத்து இடங்களில் இது பரீட்சை செய்து பார்க்கப்பட்டது. லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர், கிளாஸ்கோ, பிரிஸ்டல், கேம்பிரிட்ஜ், நார்விச், போர்ட்ஸ்மவுத், பிரைட்டன், ஆல்டர்ஷாட் ஆகியவையே அந்த இடங்கள்.

கருவி மலிவாகிவிட்டது. ஆனால் அலைகள் மலிவாகிவிடுமா? வானத்தில் இடம் குறைவு. புதிதாக வருகிறவன் பழையவனை இடிக்காமல் நிற்க வேண்டும். தன் அலையே தன்னை இடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பம் ஆயிற்று.

மண்டபத்தில் பேசுவது எப்படி?

முதலில் தன் அலையே தன்னை இடிப்பதைப் பார்ப்போம்.

கோயிலில் பெரிய கல் மண்டபத்தில் நின்று வேகமாகப் பேசிப் பாருங்கள். சொன்ன சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழும். கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. அதே மண்டபத்தில் ஒரு சொல்லைச் சொல்லி, எதிரொலி அடங்கும் வரை பொறுத்து, அடுத்த சொல்லைச் சொன்னால்? தெளிவாகப் புரியும்.

ரேடியோ அலையும் அப்படித்தான். கட்டிடங்களிலும் குன்றுகளிலும் மோதித் திரும்பி, சற்றுத் தாமதமாக வந்து சேருகிறது. காரில் போகும்போது எப்.எம். பாட்டு விட்டு விட்டு இரைவதைக் கேட்டு இருப்பீர்கள். அது பெரும்பாலும் இந்த எதிரொலியின் வேலைதான்.

சரி, மெதுவாகப் பேசினால் போதுமே! ஆனால் மெதுவாகப் பேசினால் இருபது நிலையங்களின் நிகழ்ச்சியை எப்படி அனுப்பி முடிப்பது?

அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஒருவர் வேகமாகப் பேசுவதற்குப் பதிலாக, பல நூறு பேர் ஒரே சமயத்தில் மெதுவாகப் பேசுவது! அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் சாங் 1966-ம் ஆண்டில் இதற்கு வழி காட்டினார். 1971-ல் வைன்ஸ்டைன், எபெர்ட் என்ற இருவர், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விடலாம் என்று சொன்னார்கள். 1987-ல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த லசால், அலார் ஆகியோர், ஓடும் காரிலும் தெளிவாகக் கேட்கும் ரேடியோவுக்கு இது ஏற்றது என்று விளக்கி எழுதினார்கள். பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்திய "யுரேக்கா 147" என்ற ஆராய்ச்சியில் இருந்து டி.ஏ.பி. பிறந்தது.

இன்று டி.ஏ.பி. தொகுப்பு ஒன்றில் 1,536 சிறு அலைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசுகின்றன. ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் பேசுகிறது. ஒரு "சொல்"லுக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். நமக்கு அது கண்மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை. ரேடியோ அலைக்கோ அது மிக நீண்ட பொழுது!

1,536 பேர் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக் கூச்சலாக இருக்காதா? இருக்காது. ஒரு சிறு அலைக்கும் அடுத்த சிறு அலைக்கும் உள்ள தூரம் சரியாக ஒரு கிலோ ஹெர்ட்ஸ். அந்தக் கணக்குப் பிசகாத வரையில் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சில் கலக்காது.

எதிரொலியே துணை

சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் 246 பங்கு!

அந்த நேரத்துக்குள் ரேடியோ அலை சுமார் 74 கிலோ மீட்டர் தூரம் ஓடிவிடும். ஆகையால் எதிரொலி 74 கிலோ மீட்டர் வரை சுற்றி வந்தாலும் கெடுதல் இல்லை. ரேடியோ பெட்டி அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். நேராக வரும் அலை பலவீனமாக இருக்கும் சந்துகளில், எதிரொலி துணைக்கு வரும். பழைய எதிரி இப்போது கூட்டாளி!

இதில் இருந்து இன்னொரு பெரிய லாபமும் கிடைத்தது. எதிரொலி துணை செய்யும் என்றால், வேண்டும் என்றே இரண்டாவது டிரான்ஸ்மிட்டரை வைத்து, அதே நிகழ்ச்சியை அதே அலைவரிசையில் அனுப்பினால் என்ன? ரேடியோ பெட்டிக்கு அது இன்னொரு எதிரொலி போலத்தானே தெரியும்? ஊருக்கு நடுவே குன்று மறைத்தால், குன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர், அந்தப் பக்கம் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர். புது அலைவரிசை தேவை இல்லை.

ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள். இரண்டும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒரே அலைவரிசையில் சொல்ல வேண்டும். குறித்த நேரத்தில் சொல்ல வேண்டும். ஒன்று பிசகினாலும் கூட்டாளிகள் சண்டைக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

நேரத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வானத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. வழி காட்டுவதற்குச் செல்போனில் பயன்படும் அதே செயற்கைக்கோள்கள்தான்! அவற்றில் உள்ள அணுக் கடிகாரங்களின் நேரத்தைப் பிடித்து எல்லா டிரான்ஸ்மிட்டர்களும் தாளம் தப்பாமல் நடக்கின்றன. இன்டர்நெட் வழியாகத் தொகுப்பு வந்து சேருவதில் சற்று முன்பின் ஆகலாம். அதனால் ஒவ்வொரு சொல்லின் மேலும் "இந்த நேரத்தில் ஒலிபரப்பு" என்று முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். முன்னால் வந்து சேர்ந்த டிரான்ஸ்மிட்டர் அந்த நேரம் வரை காத்து இருக்கும்.

பரீட்சை நடந்த ஊர்கள் சிலவற்றில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை வைத்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் நிரலைக்கொண்டு செய்த மலிவான கருவிகளாலும் இந்தத் தாளம் தப்பாமல் நடக்க முடிந்தது.

இதைவிடச் சிக்கனமான வழியும் உண்டு. முதல் டிரான்ஸ்மிட்டரின் அலையை ஏரியலில் பிடித்து, பெருக்கி, அதே அலைவரிசையில் மறுபக்கம் விடுவது. ஆனால் பொதுக்கூட்டத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டு போனால் என்ன ஆகிறது? "ஊ...." என்று காது கிழியக் கத்தும்! அனுப்பும் ஏரியலின் அலை வாங்கும் ஏரியலில் புகுந்தால் இங்கேயும் அதே கதிதான். அதனால் இரண்டு ஏரியல்களுக்கும் நடுவே சுவரோ கட்டிடமோ மறைப்பாக இருக்கும்படி வைக்கிறார்கள். மறைப்பு எவ்வளவோ அதைவிடக் குறைவாகத்தான் பெருக்க முடியும். பேராசை கூடாது.

லாரி வெளிச்சமும் வழிப்போக்கனும்

இனி ஊமையான ரேடியோவின் கதைக்கு வருவோம்.

இரவு நேரம். கிராமத்துச் சாலையில் நடந்து போகிறீர்கள். நிலா வெளிச்சத்தில், எதிரே வரும் ஆள் மங்கலாகத் தெரிகிறார். திடீரென்று ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வருகிறது. கண் கூசுகிறது. கண்ணின் பாப்பா சுருங்குகிறது. லாரிக்குப் பக்கத்தில் வந்த ஆள் எங்கே? தெரியவில்லை!

ஆள் மறைந்துவிடவில்லை. அவர் அங்கேயேதான் இருக்கிறார். உங்கள் கண்தான் சுருங்கிவிட்டது.

ரேடியோ பெட்டிக்கும் இதுதான் நேருகிறது. மிக அருகில் உள்ள புதிய டிரான்ஸ்மிட்டர் லாரி விளக்கு. தொலைவில் உள்ள பழைய டிரான்ஸ்மிட்டர் வழிப்போக்கன். பலமான அலை உள்ளே பாய்ந்ததும், பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தன் கூர்மையைக் குறைத்துக்கொள்கிறது. பலவீனமான பழைய அலை இரைச்சலில் மூழ்கிப் போகிறது.

பலம் எவ்வளவு வேறுபடும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய டிரான்ஸ்மிட்டர் 5,000 வாட் என்றும், 30 கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். புதியது 100 வாட்தான். ஒரு பழைய குண்டு பல்பு எடுத்துக்கொள்ளும் அளவு! ஆனால் அது வீட்டில் இருந்து 100 மீட்டரில் இருக்கிறது. தூரம் 300 மடங்கு வேறுபடுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் பலம் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்பது விதி. அப்படியானால் 300 மடங்குக்கு 90,000 மடங்கு. வாட் கணக்கில் பழையது 50 மடங்கு பெரியது. அதைக் கழித்துப் பார்த்தாலும், இடையில் தடை எதுவும் இல்லாதபோது, அந்த வீட்டில் புதிய அலை பழைய அலையைப்போல் 1,800 மடங்கு பலம்!

நல்ல பெட்டி இதைச் சமாளித்துவிடலாம். விலை குறைந்த பெட்டி தடுமாறும். இரண்டும் அடுத்தடுத்த அலைவரிசைகளாக இருந்தால் தடுமாற்றம் இன்னும் அதிகம்.

எப்.எம். என்றால் இரைச்சலோடாவது கொஞ்சம் கேட்கும். டிஜிட்டலில் அந்த இரக்கம் கிடையாது. கடைசி நிமிடம் வரை தெளிவாகக் கேட்கும். பிறகு சேறு கொதிப்பதுபோல் "களக் களக்" என்று ஒரு சத்தம். அதன் பிறகு நிசப்தம்.

கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பாட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? அவர் தினமும் கேட்கும் செய்தி இன்று வரவில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போவார். கடைக்காரர் போட்டுக் காட்டுவார். அங்கே நன்றாகப் பாடும்! சிறு நிலையங்களுக்கு இடம் கொடுப்பது நல்ல காரியம்தான். அதற்கு விலை இந்தப் பாட்டியின் செய்தியாக இருக்கலாமா? இதுதான் அதிகாரிகளின் முன்னால் நின்ற கேள்வி.

இருந்த ஊசி, இருந்த நூல்

பரிகாரங்கள் சில உண்டு. எல்லாவற்றிலும் சிறந்தது, புதிய ஏரியலைப் பழைய ஏரியல் உள்ள கோபுரத்திலேயே மாட்டிவிடுவது. இரண்டு அலைகளும் ஒரே இடத்தில் இருந்து கிளம்பினால், ஊரில் எங்கே நின்றாலும் இரண்டின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். லாரியும் வழிப்போக்கனும் என்ற பேச்சே எழாது.

ஆனால் பெரிய கோபுரத்தில் இடம் பிடிக்க வாடகை கொடுக்க வேண்டும். அந்தக் கோபுரம் ஊருக்கு வெளியே எங்கோ மலையில் இருக்கும். தொண்டர் நிலையத்தாருக்குக் கிடைப்பது ஊர் நடுவில் ஏதாவது ஒரு மாடிக் கட்டிடம்தான்.

அப்படியானால் ஏரியலை முடிந்தவரை உயரத்தில் வைக்க வேண்டும். அலை தலைக்கு மேலாகப் போய், தூரத்தில் இறங்கும். காலடியில் உள்ள வீடுகளுக்கு உக்கிரம் குறையும். கலங்கரை விளக்கின் அடியில் வெளிச்சம் இல்லாததுபோல! ஏரியலில் பல கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இந்தப் பலன் இன்னும் நன்றாகக் கிடைக்கும். வீடுகள் இல்லாத தொழிற்பேட்டைப் பக்கமாக இடம் பார்ப்பதும் உண்டு. வாட் அளவைக் குறைப்பதும் உண்டு.

எதுவும் சரிப்படாவிட்டால், பாதிக்கப்படும் பழைய தொகுப்பையே புதிய கோபுரத்தில் இருந்தும் சிறிதளவு ஒலிபரப்பலாம். எதிரொலி துணை செய்யும் என்று மேலே கண்டோம் அல்லவா? அந்தத் தந்திரமே இங்கும் கைகொடுக்கிறது. செலவு மட்டும் கூடுதல்.

வரப்பு உடையாமல்

இன்னொரு தொல்லை டிரான்ஸ்மிட்டரின் உள்ளேயே பிறக்கிறது.

ஒரு தொகுப்பின் அகலம் 1.536 மெகா ஹெர்ட்ஸ். அதற்கும் அடுத்த தொகுப்புக்கும் நடுவே விடப்படும் வரப்பு வெறும் 0.176 மெகா ஹெர்ட்ஸ். சின்ன வரப்பு!

1,536 சிறு அலைகள் சேர்ந்து ஓடும்போது, சில கணங்களில் எல்லாம் ஒரே திசையில் எம்பிக் குதிக்கும். அந்த நேரத்தில் பெருக்கி திணறும். திணறினால் அலை கோணும். கோணிய அலை வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் பாயும்.

ஆகையால் பெருக்கியை அதன் முழுச் சக்திக்கு ஓட்டுவது கிடையாது. பல நூறு வாட் கொடுக்கக்கூடிய பெருக்கியை வாங்கி, அதில் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்துவார்கள். பெருக்கி எப்படிக் கோணும் என்று கண்டுபிடித்து, அலையை முன்கூட்டியே எதிர்ப்பக்கமாகக் கோணலாக்கி அனுப்பும் வித்தையும் இருக்கிறது. கோணலும் கோணலும் சேர்ந்து நேராகிவிடும்!

மிஞ்சியதைப் பிடிக்க ஒரு வடிகட்டி. பார்ப்பதற்கு உலோகப் பெட்டி போல இருக்கும். உள்ளே வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையின் அளவையும் திருகு ஆணிகளால் நுட்பமாகச் சரிசெய்வார்கள். வேண்டிய அலை புகுந்து வெளியே வரும். வேண்டாத அலை உள்ளே நுழைய முடியாது. சூடு ஏறினால் உலோகம் விரியும். அறையின் அளவு மாறும். அதனால் விரியாத உலோகக் கலவையைச் சிலவற்றில் பயன்படுத்துகிறார்கள். கம்ப்யூட்டர் மலிந்த இந்தக் காலத்தில் மலிவாகாத சாமான் இந்தப் பெட்டிதான். சிக்கனம் பார்த்து இதை விட்டுவிடலாம் என்று யாரும் நினைக்க முடியாது.

சட்டம் வந்தது

பத்து ஊர்ப் பரீட்சை வெற்றி பெற்றது. 2017-ம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. 2020-ம் ஆண்டு செப்டம்பரில் முதல் முறையாக 25 இடங்களுக்கு லைசென்சு மனுக்கள் கேட்கப்பட்டன. இப்போது பல ஊர்களில் சிறு தொகுப்புகள் ஒலிக்கின்றன.

புதிய டிரான்ஸ்மிட்டர் பேசத் தொடங்கும் முன், அதனால் எங்கே யாருக்கு இடைஞ்சல் வரும் என்று கணக்கிட வேண்டும். மற்ற தொகுப்புக்காரர்களிடமும் கலந்துகொள்ள வேண்டும். காரில் அளவுக் கருவியை வைத்துத் தெருத்தெருவாகச் சுற்றி அளந்து பார்க்கும் வழக்கமும் உண்டு. இடைஞ்சல் என்றால், சரிசெய்ய வேண்டியவர் புதிதாக வந்தவரே. முதலில் குடியிருப்பவருக்கு முதல் மரியாதை! சிறு நிலையத்தாருக்கு இது பாரம்தான். ஆனாலும் இதுவே நியாயமான ஏற்பாடு என்று சொல்லவேண்டும்.

ஒரே அலைவரிசையை வெவ்வேறு ஊர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் உண்டு. இங்கே எதிரொலித் தந்திரம் பலிக்காது. ஏனென்றால் இரண்டு ஊர்களின் நிகழ்ச்சிகளும் வேறு. வெவ்வேறு சொற்கள் மோதினால் இரண்டும் கெடும். அதனால் மற்ற ஊர் இருக்கும் திசையில் மட்டும் பலம் குறையும்படி ஏரியலை அமைக்கிறார்கள். நடுவில் ஒரு மலை இருந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி!

24 நிலையமா, 18 நிலையமா?

இடைஞ்சலை முழுவதும் ஒழிக்க முடியாது. ஆகவே தாங்கிக்கொள்ளவும் வழி செய்து இருக்கிறார்கள்.

ஒரு நிகழ்ச்சியின் துணுக்குகளைச் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் கலைத்து, சுமார் மூன்றில் ஒரு வினாடிக்கும் மேலாகப் பரப்பி அனுப்புகிறார்கள். ஒரு கணம் இடைஞ்சல் வந்தால், ஒரு சொல் முழுவதும் போகாது. பல சொற்களில் இருந்து ஆளுக்கு ஒரு துளிதான் போகும். அதை நிரப்பிக்கொள்ளலாம்.

எப்படி நிரப்புவது? ரீட், சாலமன் என்ற இரண்டு அமெரிக்க நிபுணர்கள் 1960-ம் ஆண்டில் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். அதன்படி 110 எழுத்துக்களுக்கு 10 காவல் எழுத்துக்கள் சேர்த்து அனுப்பப்படுகின்றன. மொத்தம் 120-ல் 5 எழுத்துக்கள் தப்பாக வந்தாலும், ரேடியோ பெட்டி தானே கண்டுபிடித்துத் திருத்திவிடும்!

இதற்கு மேல் இன்னொரு காவலும் இருக்கிறது. அதன் அளவை நடத்துகிறவரே தீர்மானிக்கலாம். ஒரு தொகுப்பில் மொத்தம் 864 பங்கு இடம். வழக்கமான காவல் போட்டால், ஒரு சாதாரண நிலையத்துக்கு 36 பங்கு போதும். 24 நிலையங்கள் அடங்கும். காவலைக் கூட்டினால் அதே நிலையத்துக்கு 48 பங்கு வேண்டும். 18 நிலையங்கள்தான் அடங்கும். ஆனால் மூலை முடுக்கிலும் கேட்கும்.

கூடுதல் ஆறு நிலையங்களின் வாடகையா, மூலையில் இருக்கும் வீட்டின் தெளிவா? கணக்குப் பிள்ளைக்கும் என்ஜினீயருக்கும் நடக்கும் இந்த வழக்கு எல்லா ஊர்களிலும் உண்டு.

கடல் கடந்த விருந்தாளி

சில நாட்களில் இயற்கையே இடைஞ்சல் செய்யும்.

காற்று அழுத்தம் கூடி, வானம் அமைதியாக இருக்கும் நாட்களில், கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றும் அடுக்காக நிற்கும். அந்த அடுக்கு ரேடியோ அலையை வளைத்து, குழாய் வழியே அனுப்புவதுபோல் வெகுதூரம் கொண்டு போகும். அப்போது பிரான்சு, பெல்ஜியம், ஹாலந்து நாடுகளின் அலைகள் கடலைத் தாண்டி இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குக் கரைகளில் வந்து இறங்கும். அழையாத விருந்தாளிகள்!

நாட்டுக்கு நாடு இந்தத் தகராறு வரக்கூடாது என்பதற்காக 2006-ம் ஆண்டில் ஜெனீவாவில் ஒரு மாநாடு கூடி அலைவரிசைகளைப் பங்கிட்டது. பெரிய நிலையங்கள் இத்தகைய நாட்களைத் தாங்கும். 100 வாட் நிலையத்தார் ஒன்றும் செய்வதற்கு இல்லை. வானிலை மாறும் வரை பொறுத்து இருக்க வேண்டியதுதான்.

பல்பைக் கவனியுங்கள்

கோபுரம், மலை, கடல் எல்லாம் பார்த்தாயிற்று. மிகவும் சாதாரணமான எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

மலிவான எல்.இ.டி. பல்புகள், செல்போன் சார்ஜர்கள் போன்றவற்றுக்குள் மின்சாரத்தை மிக வேகமாகப் போட்டு அணைக்கும் சிறு சுற்று ஒன்று இருக்கிறது. தரம் குறைந்ததாக இருந்தால், அது ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் போல் இரைச்சலைக் கக்கும். பெரிய நிலையத்தின் அலை அதை அமுக்கிவிடும். சிறு நிலையத்தின் அலையை அது அமுக்கிவிடும்!

கண்டுபிடிப்பது சுலபம். ரேடியோவைப் போட்டுவிட்டு, வீட்டில் உள்ள விளக்குகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். எதை அணைத்ததும் ரேடியோ பேசுகிறதோ அதுதான் குற்றவாளி. அதை மாற்றலாம். அல்லது ரேடியோவை அதில் இருந்து தள்ளி வைக்கலாம். மின்சார ஒயரில் பெரைட் என்ற கறுப்பு வளையத்தை மாட்டினாலும் இரைச்சல் குறையும்.

ரேடியோவின் ஏரியலை முழுவதும் இழுத்து நேராக நிமிர்த்தி வைக்க வேண்டும். இங்கிலாந்தில் டி.ஏ.பி. அலைகள் செங்குத்தாகவே அனுப்பப்படுகின்றன. சாய்த்து வைத்தால் நஷ்டம். ஜன்னல் ஓரம் நல்லது. ஆனால் குளிரைத் தடுப்பதற்காக உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி ஜன்னல் என்றால், அது குளிரோடு ரேடியோவையும் தடுத்துவிடும். அந்த வீட்டுக்காரர்கள் வேறு ஜன்னலைத் தேட வேண்டும்.